ரேஸுக்கு மாற்றிய பழைய எம்ஜிபி: முதலில் தாள், பிறகு தகரம், கடைசியில்தான் குதிரைசக்தி

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது எப்போதும் குதிரைசக்திதான். ‘150 பிஎச்பிக்கு மேல், ஸ்டீல் கிராங்க், 45 வெபர், ஸ்ட்ரெய்ட் கட் கியர்பாக்ஸ், எல்எஸ்டி.’ (வெபர் என்பது கார்பரேட்டர், எல்எஸ்டி என்பது ஒரு பின் சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுக்கும் டிஃபரன்ஷியல்.) படிக்கும்போதே வாயூறும். ஆனால் அந்தக் காரை எந்தப் பந்தயத்தில் கொண்டுபோய் நிறுத்தலாம் என்பதை இதில் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சாலையில் ஓடும் பழைய காருக்கு விலை வைப்பது அதன் நிலைமை. ரேஸுக்கு மாற்றிய பழைய காருக்கு விலை வைப்பது, எந்தெந்தப் பந்தயங்கள் அதை உள்ளே விடும் என்பது. அதில் செய்த ஒவ்வொரு மாற்றமும் ஒரு கதவைத் திறந்திருக்கும், அல்லது சாத்தியிருக்கும். சாத்திய கதவை மறுபடி திறக்க ஆகும் செலவு பல நேரம் அந்த மாற்றத்துக்கு ஆன செலவையே மிஞ்சிவிடும்.

இதைப் பொதுவாகப் பேசிப் பயனில்லை. ஒரே ஒரு காரை எடுத்துக்கொள்வோம்: பிரிட்டனில் விற்பனைக்கு வரும், 1965 வரையிலான காலத்து விதிப்படி கட்டிய எம்ஜிபி ரோட்ஸ்டர், அதாவது எம்ஜி நிறுவனத்தின் கூரையில்லாத ஸ்போர்ட்ஸ் கார். 1962 முதல் 1980 வரை ஆபிங்டன் ஆலையில் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்த கார் இது. உதிரிபாகங்கள் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. 1988 முதல் முழு பாடி ஷெல்லையே பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் அடித்துத் தருகிறது. பந்தயப் பெயரும் உண்டு: 1963 லெ மான் 24 மணிப் பந்தயத்தில் 12ஆம் இடம், 1965இல் 11ஆம் இடம், 1964 மான்டி கார்லோ ராலியில் ஜிடி பிரிவு வெற்றி, 1966இல் நூர்பர்க்ரிங்கில் 84 மணி நேரம் ஓடிய மாரத்தான் த லா ரூத்தில் ஒட்டுமொத்த முதலிடம். அந்தக் காலத்தில் ஓடிய கார் என்பதால் இன்றைய பழங்கார்ப் பந்தயங்களில் இதற்கு இடம் கிடைப்பது எளிது.

நம் ஊர் மெக்கானிக்குகளுக்கு இந்த இன்ஜின் அந்நியமும் அல்ல. அம்பாசடரில் பல ஆண்டுகள் இருந்த 1489 சிசி பெட்ரோல் இன்ஜினும் எம்ஜிபியின் 1798 சிசி இன்ஜினும் பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) நிறுவனத்தின் ஒரே பி-சீரிஸ் குடும்பம். இரண்டிலும் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 88.9 மி.மீ.தான். போர் என்ற சிலிண்டர் விட்டம் மட்டும் அங்கே 73, இங்கே 80.26. அம்பாசடர் ஹெட்டைக் கழற்றி மாட்டிய கைக்கு இதில் பாதி தெரிந்த வேலை.

தாள்

சர்வதேசப் பழங்கார்ப் பந்தயங்களுக்கு உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் அப்பெண்டிக்ஸ் கே விதிதான் அடிப்படை. அது கார்களைக் காலப்பிரிவுகளாகப் பிரிக்கிறது. 1962 ஜனவரி முதல் 1965 டிசம்பர் வரை பீரியட் எஃப். நம் கார் இதில் வரும். அந்தக் காலத்தில் எந்தப் பாகங்களுக்கு ஹோமோலோகேஷன் என்ற பந்தய அங்கீகாரம் பெறப்பட்டதோ, அந்தப் பாகங்களோடு கார் இருக்க வேண்டும் என்பதே விதியின் சாரம். அப்படி இருப்பதைப் பதிவு செய்யும் ஆவணம் எச்டிபி என்ற ஹிஸ்டாரிக் டெக்னிக்கல் பாஸ்போர்ட். பிரிட்டனில் இதை வழங்குவது அந்நாட்டு மோட்டார் பந்தய அமைப்பான மோட்டார்ஸ்போர்ட் யூகே.

விற்பவர் எச்டிபி இருக்கிறது என்று சொன்னால் அதோடு விட்டுவிடக் கூடாது. அதன் எல்லாப் பக்கங்களின் நகலையும் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். காலாவதித் தேதியைப் பாருங்கள். பிறகு காரின் பக்கத்தில் நின்று பக்கம் பக்கமாக ஒப்பிடுங்கள்: படத்தில் உள்ள கார்பரேட்டர் இதுதானா, வீலின் அளவும் வகையும் இதுதானா, பின் ஆக்ஸில் இதுதானா, கியர் விகிதங்கள் எழுதியபடியா. எச்டிபி எடுத்த நாளில் இருந்த கார் வேறு, ஐந்தாறு பருவம் ஓடிய பின் நிற்கும் கார் வேறு என்பது சகஜம். இன்னொன்று: எச்டிபி காரின் தொழில்நுட்ப விவரத்துக்கான தாள் மட்டுமே. காரின் பூர்வீகத்துக்கோ உரிமைக்கோ அது சான்று ஆகாது. பிரிட்டனின் வி5சி பதிவுப் புத்தகமும் அப்படியே. அதில் பெயர் இருப்பவர் பதிவு பெற்ற பொறுப்பாளர், உரிமையாளராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆகவே விற்பவர் வாங்கியபோது பெற்ற ரசீதையும் கேளுங்கள். கெய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம், ஆலைப் பதிவேட்டிலிருந்து ஹெரிடேஜ் சான்றிதழ் தருகிறது. கார் கட்டிய தேதி, முதலில் இருந்த இன்ஜின் எண், நிறம், அனுப்பிய நாடு எல்லாம் அதில் இருக்கும்.

கதவுகளைச் சாத்தும் மாற்றங்கள் எவை? எம்ஜிபியில் பழக்கமானவை சில. ஃபோர்டு டைப் 9 ஐந்து கியர் பாக்ஸ்: சாலைக்கு அருமை, பீரியட் எஃப்பில் செல்லாது. லீவர் ஆர்ம் ஷாக் அப்சார்பரை எடுத்துவிட்டு டெலஸ்கோப்பிக் போட்டது, முன்னால் காயில் ஓவர் (ஷாக் அப்சார்பரைச் சுற்றியே ஸ்பிரிங் உள்ள அமைப்பு) போட்டது: செல்லாது. அலுமினிய ஹெட்: செல்லாது, வார்ப்பிரும்பு ஹெட்தான். 83 மி.மீ.க்கு மேல் போர் போட்டு 1950 சிசி ஆக்கிய பிளாக்: செல்லாது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பிளாட்டினத்துக்குப் பதில் எலக்ட்ரானிக் பொருத்தியிருந்தால், அது தாளில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஃபைபர் பாடிப் பாகங்களும் அப்படியே.

இவை உள்ள கார் மோசமான கார் என்று பொருளல்ல. எம்ஜி கார் கிளப்பின் பிசிவி8 சாம்பியன்ஷிப் போன்ற கிளப் பந்தயங்களில் மாற்றங்களுக்கு அதிக இடமுண்டு. அங்கே ஓட்டுவதுதான் உங்கள் ஆசை என்றால் அந்தக் காரே சரியான கார். ஆனால் லெ மான் கிளாசிக் வரை போகும் எண்ணம் இருந்தால் எச்டிபி இல்லாமல் ஆகாது. பிரிட்டனின் உள்நாட்டுத் தொடர்கள் சில எச்டிபி தாளைக் கேட்பதில்லை; அதே அப்பெண்டிக்ஸ் கே கட்டுமானத்தை மட்டும் கேட்கின்றன. எனவே காரைப் பார்க்கப் போகும் முன்பே நீங்கள் ஓட விரும்பும் இரண்டு மூன்று தொடர்களின் இந்த ஆண்டு விதிப் புத்தகத்தை இறக்கிப் படித்துவிடுங்கள். விற்பவரின் ‘எல்லாவற்றுக்கும் எலிஜிபிள்’ என்ற வாக்கியத்துக்கு மதிப்பில்லை. அமைப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் அவரே பதில் சொல்வார்.

தகரம்

எம்ஜிபிக்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடியே சேஸிஸ். அதன் பலம் முழுவதும் கதவுக்குக் கீழே ஓடும் சில் என்ற பெட்டிப் பகுதியில் இருக்கிறது. வெளி சில், உள் சில், நடுவே ஒரு தகடு, அடியில் காஸில் ரெயில் என்று அடுக்கடுக்காக ஒட்டிய அமைப்பு. ரோட்ஸ்டருக்குக் கூரை இல்லாததால் கார் நடுவில் மடியாமல் பிடித்திருப்பது இதுதான். வெளியே புது சில் பளபளவென்று இருக்கும். உள்ளே பழைய துருப்பிடித்த தகரத்தின் மேலேயே அதை ஒட்ட வைத்திருப்பார்கள்.

சாலைக் காரில் இதைக் கண்டுபிடிக்க எல்லோரும் சொல்லும் வழி: காரின் முன்பக்கத்தில் ஜாக்கியை வைத்துத் தூக்கிவிட்டுக் கதவின் பின் விளிம்பில் இடைவெளி மாறுகிறதா என்று பார்ப்பது. இடைவெளி மேலே சுருங்கினால் சில் போய்விட்டது. ரேஸ் காரில் இந்தச் சோதனை ஏமாற்றும். உள்ளே போட்டிருக்கும் ரோல் கேஜ் சுமையைத் தானே வாங்கிக்கொள்வதால், சில் மக்கியிருந்தாலும் கதவு அசையாது. ஆகவே கேஜின் கால்களைப் பாருங்கள். ஒவ்வொரு காலும் தரையில் எதன் மேல் நிற்கிறது? அடியில் வலுத்தகடு இருக்கிறதா? தகட்டைச் சுற்றி வெடிப்போ, பெயின்ட் விரிசலோ இருக்கிறதா? மக்கிய தகரத்தின் மேல் பற்றவைத்த கேஜ், அடிபடும்போது தரையைத் துளைத்துக்கொண்டு இறங்கும்.

அடுத்து, கதவுக்குப் பின்னால் சக்கர வளைவுக்கு முன்னுள்ள மூலை, பின் ஸ்பிரிங் பட்டையின் முன் முனை மாட்டும் இடம், சீட்டுக்குப் பின்னால் உள்ள பேட்டரிப் பெட்டிகள், வின்ட்ஸ்கிரீனுக்குக் கீழே ஸ்கட்டில். ஒரு சிறு காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போனால் பட்டி எங்கே கனமாகப் பூசியிருக்கிறது என்று தெரிந்துவிடும். பானட்டில் காந்தம் ஒட்டாவிட்டால் பதறாதீர்கள், தொடக்ககால எம்ஜிபிக்கு ஆலையிலிருந்தே அலுமினிய பானட்தான்.

ஷெல் எந்தக் காலத்தது என்பதையும் தகரமே சொல்லும். 1965 வசந்தம் வரை கதவுக்கு வெளியே இழுக்கும் கைப்பிடி. பிறகு பொத்தான் வைத்த கைப்பிடி. 1967 இறுதியில் மார்க் 2 வந்தபோது புதிய கியர்பாக்ஸுக்காக நடுச் சுரங்கத்தை அகலமாக்கினார்கள். 1964 மாடல் என்று சொல்லும் காரில் அகலச் சுரங்கம் இருந்தால், ஷெல் எப்போது எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். புது ஹெரிடேஜ் ஷெல்லில் கட்டிய காராக இருந்தால் அதை நேராகச் சொல்வதில் விற்பவருக்கு நட்டமில்லை. ரேஸுக்கு அது நல்லதுகூட. மறைத்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

கார் நேராக இருக்கிறதா என்பதற்கு அளவு நாடாவே போதும். எம்ஜிபியின் வீல்பேஸ் 91 அங்குலம், 2311 மி.மீ. சமதரையில் ஸ்டீயரிங்கை நேராக வைத்து, இருபுறமும் முன் ஹப் நடுவிலிருந்து பின் ஹப் நடு வரை அளந்து பாருங்கள். சில மி.மீ. வித்தியாசத்தை ஸ்பிரிங் புஷ்ஷும் தரும். ஒரு சென்டிமீட்டரை நெருங்கினால் ஆக்ஸில் இடம் மாறியிருக்கிறது, அல்லது ஷெல் ஒருமுறை பலமாக அடிபட்டிருக்கிறது.

இன்ஜின்

முதலில் எந்த பிளாக் என்று தெரிந்துகொள்ளுங்கள். 1962 முதல் 1964 வரை கிராங்குக்கு மூன்று மெயின் பேரிங். 1964 அக்டோபரில் ஐந்து மெயின் பேரிங் வந்தது. மூன்று பேரிங் கிராங்கு சுழற்சிக்கு இலகு, ஆனால் உயர்ந்த வேகத்தில் வளையும். 1964க்குள்ளேயே ஐந்து பேரிங் வந்துவிட்டதால் பீரியட் எஃப்பில் அதற்குத் தடையில்லை. ரேஸ் கார் பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.

ஸ்ட்ரோக் நீளம்தான் இந்த இன்ஜினின் எல்லை. 7000 ஆர்பிஎம்மில் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 20.7 மீட்டர். 6500இல் 19.3. அந்த 500 சுற்றில் லேப் நேரத்தில் கிடைப்பது கொஞ்சம், இன்ஜின் ஆயுளில் போவது நிறைய. டாக்கோமீட்டரில் உச்சத்தைப் பதிக்கும் முள் இருந்தால், விற்பவர் அழிக்கும் முன் அது எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 7500ஐக் காட்டினால் யாரோ மூன்றாவதுக்குப் பதில் முதல் கியரைப் போட்டிருக்கிறார்கள்.

போர் அளவைக் கேளுங்கள். நாற்பது சைஸ் (அங்குலத்தில் ஆயிரத்தில் நாற்பது பங்கு கூடுதல்) என்றால் 81.28 மி.மீ., 1845 சிசி. அறுபது சைஸ் என்றால் 1868 சிசி. இந்த பிளாக்கில் 1, 2 சிலிண்டர்களுக்கு நடுவிலும் 3, 4க்கு நடுவிலும் நீர் ஓட வழியில்லை, சுவர்கள் ஒட்டியே வார்த்தவை. அறுபதுக்குப் போன பிளாக்கை அடுத்த முறை போர் போடுவது சூதாட்டம். அதற்குப் பிறகு ஸ்லீவ் அல்லது வேறு பிளாக். நாற்பதில் நிற்கும் இன்ஜினுக்கு ஒரு ரீபோர் கையிருப்பு உண்டு. விலை பேசும்போது இதைச் சொல்லுங்கள்.

இப்போது ஹெட். நான்கு சிலிண்டருக்கு இன்டேக் துவாரம் இரண்டு, எக்ஸாஸ்ட் துவாரம் மூன்று. நடு எக்ஸாஸ்டில் 2, 3 இரண்டும் சேர்ந்து வெளியேறுவதால் சூடு அங்கே குவிகிறது. வால்வு இருக்கைகளுக்கு நடுவே ஹெட் வெடிப்பது பெரும்பாலும் அந்தப் பகுதியில்தான். குளிர்ந்த இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். தெர்மோஸ்டாட் திறக்கும் முன்பே குமிழ் வந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், அல்லது ஹெட் வெடித்திருக்கும்.

இன்டேக் துவாரத்தை இரண்டு சிலிண்டர் பங்கிட்டுக்கொள்வதில் இன்னொரு விளைவு உண்டு. ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. 2 இழுத்த உடனே 1 இழுக்கிறது. 3 இழுத்த உடனே 4 இழுக்கிறது. முந்தி இழுப்பவை நடு இரண்டும், பிந்தி இழுப்பவை ஓர இரண்டும். ஆகவே பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தால் நடு ஜோடியின் நிறமும் ஓர ஜோடியின் நிறமும் சற்று வேறாக இருப்பது இந்த இன்ஜினின் சுபாவம். 1க்கும் 4க்கும், அல்லது 2க்கும் 3க்கும் நடுவே வித்தியாசம் தெரிந்தால்தான் எங்கோ கோளாறு.

கம்ப்ரஷன் அளவை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். வால்வுகளைத் திறக்கும் கேம் ரேஸ் வகையாக இருந்தால் இன்டேக் வால்வு தாமதமாக மூடுவதால், ஸ்டார்ட்டர் வேகத்தில் எண் குறைவாகவே காட்டும். நான்கும் பத்து சதவீதத்துக்குள் ஒத்துப்போகிறதா என்பதே கேள்வி. லீக் டவுன் சோதனை இதைவிட உண்மை பேசும். சூடான இன்ஜினில், ஒவ்வொரு பிஸ்டனையும் உச்சியில் நிறுத்திக் காற்றைச் செலுத்துங்கள். 5 சதவீதத்துக்குக் கீழே கசிந்தால் மிக நன்று. 10 வரை ஓடும். 15ஐத் தாண்டினால் இன்ஜினைத் திறக்கும் செலவை விலையில் கழிக்க வேண்டும். எங்கே கசிகிறது என்று காது சொல்லும்: கார்பரேட்டரில் சீறினால் இன்டேக் வால்வு, சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் ரிங்.

விற்பவர் அனுமதித்தால் ராக்கர் கவரைக் கழற்றுங்கள். காந்தக் காலில் டயல் கேஜை நிறுத்தி, ஒவ்வொரு வால்வும் எவ்வளவு இறங்குகிறது என்று எட்டையும் அளந்து எழுதுங்கள். டேப்பெட் இடைவெளியை முதலில் சமமாக்கிவிட வேண்டும். இன்டேக் நான்கும் ஒன்றுக்கொன்று, எக்ஸாஸ்ட் நான்கும் ஒன்றுக்கொன்று ஒத்திருக்க வேண்டும். ஒன்று மட்டும் கால் மி.மீ. அல்லது அதற்கு மேல் குறைந்தால் கேம் மேடு தேய்கிறது. தட்டை டேப்பெட் இன்ஜின் இது. துத்தநாகம் குறைந்த இன்றைய சாதாரண ஆயிலை ஊற்றினால் மேடும் டேப்பெட்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். தேய்ந்த இரும்புத் தூள் போகும் இடம் மெயின் பேரிங். ஆகவே கேம் மட்டும் மாற்றினால் போதும் என்ற கணக்கு இங்கே செல்லாது. என்ன ஆயில் ஊற்றுகிறார் என்று கேளுங்கள். துத்தநாகம் உள்ள 20டபிள்யூ50 ரேஸிங் ஆயில் என்ற பதில் வந்தால் நல்லது.

ஆயில் பிரஷர் சூட்டில் பார்க்க வேண்டியது. ஓட்டத்தில் 60 பிஎஸ்ஐ ஒட்டி, ஐடிலில் 15க்குக் குறையாமல் இருந்தால் நிம்மதி. குளிரில் 80 காட்டுவதற்கு அர்த்தமில்லை. நீண்ட வளைவில் முள் விழுந்து எழுந்தால் ஆயில் தங்கும் சம்ப்பில் தடுப்புத் தகடு இல்லை, அல்லது ஆயில் குறைவு. பேரிங் போவது அந்த இரண்டு நொடியில்தான். ஆளை விட்டு கிளட்ச்சை மிதிக்கச் சொல்லி முன்னாலுள்ள புல்லியைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிய முன்னால் நகர்ந்தால், கிராங்கு முன்பின் நகராமல் பிடிக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்திருக்கிறது.

இத்தனைக்கும் மேலாகக் கேட்க வேண்டியது மணிக்கணக்கு. ரேஸ் இன்ஜினுக்கு மைல் கணக்கு கிடையாது. கடுமையாக ஓட்டும் முழு ரேஸ் இன்ஜினை 20, 30 மணிக்குள் திறந்து பார்ப்பது வழக்கம். ஒரு பந்தய வார இறுதியில் தகுதிச் சுற்றும் 40 நிமிடப் பந்தயமும் சேர்த்து ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஒரு டெஸ்ட் நாள் இரண்டு மூன்று மணி நேரத்தை விழுங்கிவிடும். ‘போன பருவத்துக்கு முன்புதான் கட்டினோம்’ என்பது பதில் அல்ல. கட்டியவரின் ரசீது, குதிரைசக்தியை அளந்த டைனோ தாள், அதன் பிறகு ஓடிய பட்டியல், இந்த மூன்றும் வேண்டும். டைனோ எண் ஃப்ளைவீலிலா, பின் சக்கரத்திலா என்றும் கேளுங்கள். புதிதாகக் கட்டிய முழு ரேஸ் பி-சீரிஸ் இன்ஜினுக்கு ஐந்திலக்கப் பவுண்டு ஆகும் என்பதால், மீதி மணிநேரம்தான் நீங்கள் வாங்கும் உண்மையான பொருள்.

கியர்பாக்ஸ், ஆக்ஸில்

எம்ஜிபியில் கியர்பாக்ஸை அடியிலிருந்து தனியே இறக்க முடியாது. கிளட்ச் மாற்றினாலும் இன்ஜின் வெளியே வர வேண்டும். ஆகவே இரண்டாவது கியர் நறநறக்கும் பாக்ஸ் ஒரு நாள் வேலை அல்ல. கிளட்ச்சை அழுத்தும் பேரிங் ஆலையிலிருந்து வந்தது கார்பன் வளையம். ஸ்டார்ட் வரிசையில் கிளட்ச்சை மிதித்துக்கொண்டே விளக்குக்குக் காத்திருக்கும் பழக்கம் உள்ளவர் கையில் அது சீக்கிரம் கரையும். ஸ்ட்ரெய்ட் கட் கியர் ஊளையிடும், அது இயல்பு. சுமை எடுத்தாலும் விட்டாலும் சத்தம் மாறாமல் உறுமினால்தான் பேரிங்.

பின் ஆக்ஸில் விகிதம் ஆலையில் 3.909. ரேஸ் கார்களில் 4.1, 4.3, 4.55 என்று மாற்றியிருப்பார்கள். எது என்று விற்பவர் சொல்வதை நம்ப வேண்டியதில்லை. எல்எஸ்டி உள்ள காரில் இரு பின் சக்கரங்களையும் தூக்கி, இரண்டையும் சேர்த்து ஒரு முழுச் சுற்று சுற்றினால் புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுவே விகிதம். எல்எஸ்டி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க: நியூட்ரலில் ஒரே ஒரு பின் சக்கரத்தைத் தூக்கி, ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டு, டார்க் ரெஞ்சால் திருப்புங்கள். தடையே இல்லாமல் சுற்றினால் தட்டுகள் தீர்ந்துவிட்டன. கம்பிச் சக்கரம் உள்ள காரில் ஹப்பின் பற்களையும் பார்க்க வேண்டும். சக்கரத்தைக் கழற்றினால் பல்லின் முனை கத்தி போல் கூர்மையாக இருக்கக் கூடாது.

சஸ்பென்ஷன், பிரேக்

முன் சஸ்பென்ஷனில் ஷாக் அப்சார்பரின் கையே மேல் விஷ்போன். ஆகவே அது ஆயில் கசிந்தால் கேம்பரும், அதாவது சக்கரத்தின் சாய்வும், ஆட ஆரம்பிக்கிறது. தண்டு வெளியே வரும் இடத்தைத் துணியால் துடைத்து, ஓட்டிவிட்டு வந்து மறுபடி பாருங்கள். சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னுக்கு கிரீஸ் அடிக்கவில்லை என்றால் காய்ந்து பிடித்துக்கொள்ளும். ஸ்டீயரிங் திருப்பிய பின் தானாக நடுவுக்குத் திரும்பாதது அதன் அடையாளம்.

பலர் தவறவிடும் இடம் முன் ஹப். இரு டேப்பர் பேரிங்குகளுக்கு நடுவே ஒரு நீளமான ஸ்பேசரும் மெல்லிய ஷிம்களும் ஆலையிலிருந்தே உண்டு. நட்டை இறுக்கும்போது ஸ்பேசர், சக்கரம் சுழலும் குட்டை அச்சான ஸ்டப் ஆக்ஸிலோடு சேர்ந்து இறுகி, அதற்கு விறைப்பு தருகிறது. ஷிம் கணக்கிட்டு 0.05 முதல் 0.10 மி.மீ. எண்ட் ஃப்ளோட் (அச்சு நெடுக உள்ள ஆட்டம்) வைப்பது பொறுமை கேட்கும் வேலை. பொறுமையில்லாதவர் ஸ்பேசரைத் தூக்கிப் போட்டுவிட்டு, சாதாரண காரைப் போல நட்டை வைத்தே சரிசெய்துவிடுவார். அப்போது ஸ்டப் ஆக்ஸில் வளைகிறது, வளைந்து வளைந்து வேரில் வெடிக்கிறது. சக்கரம் கழன்று ஓடுவது இப்படித்தான். நட்டின் டார்க் எவ்வளவு என்று கேளுங்கள். ‘கையில் இறுக்கி கொஞ்சம் தளர்த்துவேன்’ என்று பதில் வந்தால் அந்த ஹப்பில் ஸ்பேசர் இல்லை. ஸ்டப் ஆக்ஸில்களுக்குக் காந்தத் தூள் முறையில் வெடிப்புச் சோதனை செய்த சீட்டு இருந்தால் கூடுதல் விலை தரலாம்.

பிரேக் எளிது. முன்னால் 10.75 அங்குல டிஸ்க், பின்னால் டிரம். பாதுகாப்புக்காக இரட்டைச் சுற்று பிரேக்கை அப்பெண்டிக்ஸ் கே அனுமதிக்கிறது. இல்லாத காரில் அதைச் செய்துகொள்ள வேண்டும். டிஸ்க்கில் மெல்லிய வெப்பக் கோடுகள் இருக்கலாம், கோடு விளிம்பைத் தொட்டால் டிஸ்க் குப்பைக்கு.

தேதி உள்ள பொருள்கள்

காலாவதி முத்திரை உள்ள சாமான்களை ஒரு தாளில் எழுதுங்கள். எஃப்ஐஏ 8853-2016 பெல்ட்டின் முத்திரையில் காலாவதி ஆண்டு இருக்கும். 8855-1999 பக்கெட் சீட்டுக்கு ஐந்து ஆண்டு. தீயணைப்பு சிலிண்டருக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு சர்வீஸ். எஃப்டி3 எரிபொருள் டாங்க் பைக்கு ஐந்து ஆண்டு, தயாரிப்பாளர் சோதித்தால் இன்னும் இரண்டு. டாங்கின் மேல் மூடியைக் கழற்றி உள்ளே உள்ள நுரையை விரலால் நிமிண்டிப் பாருங்கள். எத்தனால் கலந்த பெட்ரோலிலும் வயதிலும் நுரை உதிரும். உதிர்ந்த துகள் வெபரின் ஜெட்டை அடைக்கும். வளைவில் இன்ஜின் திணறினால் கார்பரேட்டரை மாதக்கணக்கில் நோண்டுவதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும். 2000 சிசி வரையிலான காருக்கு ஆயில் கேட்ச் டாங்க் இரண்டு லிட்டராவது இருக்க வேண்டும்.

மெயின் சுவிட்சை இன்ஜின் ஓடும்போது திருப்புங்கள், உடனே நிற்க வேண்டும். ஆல்டர்னேட்டர் வைத்த காரில் ஒயரிங் தவறாக இருந்தால் சுவிட்சை அணைத்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கும். பந்தயப் பரிசோதகர் அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுவார். சத்தத்தையும் விட வேண்டாம். பிரிட்டிஷ் பந்தயங்களில் சைலன்சர் முனையிலிருந்து அரை மீட்டர் தூரத்தில், உச்ச ஆர்பிஎம்மின் முக்கால் அளவில், 105 டெசிபல் என்பது பொதுவான வரம்பு. சில தடங்களின் டெஸ்ட் நாள் வரம்பு இதைவிடக் கடுமை.

ஓட்டிப் பார்ப்பது

பத்து நிமிடம் தொழிற்பேட்டைத் தெருவில் ஓட்டி ஒன்றும் தெரியாது. தடத்தில் டெஸ்ட் நாள் ஒன்றுக்குப் பணம் கட்டி, விற்பவரை முதலில் ஐந்து லேப் ஓட்டச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள். ஆயில் 60 டிகிரி தொடும் முன் அவர் ஆக்ஸிலரேட்டரை முழுதாக அழுத்தினால், இந்த இன்ஜின் இதுவரை எப்படி நடத்தப்பட்டது என்று அதிலேயே தெரிந்துவிடும். நேர்வழி முடிவில் ஆக்ஸிலரேட்டரை விட்டதும் நீலப் புகை வந்தால் வால்வு கைடு. அழுத்தும்போது வந்தால் ரிங். உள்ளே வந்ததும் அணைத்து, ஐந்து நிமிடம் விட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். சூட்டில் தள்ளாமல் எழுந்திருக்க வேண்டும்.

விலை பேசும் இடத்தில் உதிரிகள் பேச்சு வரும். ‘ஸ்பேர்ஸ் பேக்கேஜ்’ என்று ஒரு மூலையில் குவித்திருப்பதில் முக்கால்வாசி தேய்ந்த டயரும் பழைய பேடும்தான். எண்ண வேண்டியவை: கூடுதல் சக்கரத் தொகுதி, வேறு விகிதத்தில் கிரவுன் வீல் பினியன், வெபருக்கு ஜெட்டும் வெஞ்சுரியும் அடங்கிய பெட்டி, இந்தக் காருக்கே சரிபார்த்த ஹாஃப் ஷாஃப்ட். கிரவுன் வீலை வாங்கும் முன் ஆக்ஸில் எந்த வகை என்று பாருங்கள். தொடக்க ரோட்ஸ்டரில் பாஞ்ஜோ ஆக்ஸில், பின்னர் வந்தவற்றில் சாலிஸ்பரி ஆக்ஸில். ஒன்றின் பல்சக்கரம் மற்றதில் ஏறாது. பழைய உரிமையாளர் வேறொரு காருக்கு வாங்கியது இந்தக் குவியலில் வந்து சேர்ந்திருந்தால், அதைக் கணக்கில் எடுக்காமல் விலையைச் சொல்லுங்கள்.